புயல் பிரித்த கூரையும் தொண்டர் கையும்

(தில்லித் தமிழர்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



புயலில் வீடிழந்த மக்களுக்கு வீடு கட்டித்தரப் புறப்படும் தொண்டர்களைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். போகலாமா, கூடாதா என்று இந்த அவையில் யாரும் கேட்கப் போவதில்லை. நாகப்பட்டினத்தில் ஓலைக் கூரை பறந்தால் தில்லியில் தூக்கம் வராத மனிதர்கள்தாம் இங்கே கூடியிருக்கிறோம். நான் கேட்பது வேறு. எப்போது போவது? யாருடைய சொல்லுக்குக் கட்டுப்பட்டு வேலை செய்வது? எந்த வேலையை நாம் எடுத்துக்கொள்வது, எந்த வேலையில் கைவைக்காமல் இருப்பது? இந்த மூன்றுக்கும் விடை தெரியாமல் போன தொண்டு, உலகின் பல கடற்கரைகளில் நல்ல மனத்தோடு கெட்ட வீடுகளைக் கட்டிவிட்டு வந்திருக்கிறது. வீட்டை இழந்தவர் கையில்தான் வீடு கட்டும் பொறுப்பும் பணமும் முடிவும் இருக்கவேண்டும். தொண்டர் அவருக்குத் துணையாள். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இதற்கான சான்றுகளைச் சொல்கிறேன். எதிராகச் சொல்லப்படுபவற்றையும் மறைக்காமல் எடுத்துப் பேசுகிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலை. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. மணிக்கு 100 முதல் 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று. எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை முன்கூட்டியே முகாம்களுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். 1977இல் ஆந்திரத்தின் திவிசீமாவில் பத்தாயிரம் உயிர்களை வாரிக்கொண்டு போனது ஒரு புயல். கஜாவின் உயிரிழப்பை அதோடு ஒப்பிட்டால், எச்சரிக்கை என்பது எத்தனை உயிரைக் காக்கும் என்று விளங்கும். ஆனால் முகாமிலிருந்து திரும்பியவர்கள் கண்டது என்ன? நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை என்று நான்கு மாவட்டங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் ஒரே திசையில் தலை வைத்துப் படுத்துக் கிடந்தன. தென்னை விழுந்தால் தேங்காய் மட்டுமா போகிறது? கீற்று போகிறது. கீற்று முடைந்து கூலி வாங்கிய பெண்களின் வேலை போகிறது. கூரை வேய ஓலை வேண்டும், ஓலை தரும் மரம் இல்லை. ஓலை வாங்கப் பணம் வேண்டும், பணம் தரும் தோப்பு வேலையும் இல்லை. வீட்டை எடுத்த புயலே வீட்டைத் திரும்பக் கட்டும் வழியையும் எடுத்துக்கொண்டு போன இடம் அது. இப்படிப்பட்ட ஊரில் 'நாங்கள் வந்து கட்டித் தருகிறோம்' என்று சொல்வது எவ்வளவு பெரிய சொல் என்பதை நாம் உணரவேண்டும்.

அந்த முதல் இரண்டு வாரங்கள் தமிழ்நாடே எழுந்து நின்றது. அரிசி, மெழுகுவத்தி, தார்ப்பாய், கொசுவத்திச் சுருள் என்று லாரி லாரியாகப் போயின. மின்கம்பம் நட அண்டை மாநிலமான கேரளத்திலிருந்துகூட மின்வாரியப் பணியாளர்கள் வந்தார்கள். அது தமிழர்கள் பெருமைப்பட வேண்டிய காலம்; அதைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. ஆனால் வீடு அந்த இரண்டு வாரத்தில் எழுவதில்லை. அப்போது ஊரெங்கும் ஈரம். கணக்கெடுப்பு முடிந்திருக்காது. செங்கல் வந்து சேராது. கொத்தனாருக்கே வீடு இருக்காது. வீடு எழும் காலம் தையும் மாசியும் அதற்கடுத்த கோடையும். அப்போது தொலைக்காட்சி வண்டிகள் இருக்காது, லாரிகள் இருக்காது, நாமும் இருக்கமாட்டோம். 2004 சுனாமிக்குப் பிறகு என்ன நடந்தது? தேவையற்ற பழைய துணிகள் நாகைப் பக்கம் சாலையோரங்களில் மலையாகக் குவிந்தன. கடலோரப் பெண்கள் உடுத்தமுடியாத துணிகள், கிழிந்த துணிகள். அவற்றைப் பிரித்துப் பயனுள்ளவையாக்கும் பெரும் வேலையை, இதே தில்லியில் 1999இல் தொடங்கிய 'கூஞ்ச்' அமைப்பு எடுத்துச் செய்யவேண்டியிருந்தது. கொடுத்தவர்களின் மனம் நல்ல மனம்தான். வாங்குபவருக்கு என்ன வேண்டும் என்று கேட்க மட்டும் மறந்துவிட்டோம். துணியில் அந்தத் தவறு நேர்ந்தால் சாலையோரம் குப்பை சேரும். வீட்டில் நேர்ந்தால்? ஒரு குடும்பம் முப்பது ஆண்டுகள் அதற்குள் வாழவேண்டும்.

சுனாமி வீடுகளையே எடுத்துக்கொள்வோம். 2005 மார்ச்சில் தமிழக அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. தொண்டு நிறுவனங்களும் அரசும் சேர்ந்து வீடு கட்டுவது, ஒரு வீட்டுக்குச் சுமார் ஒன்றரை லட்சம் ரூபாய், ஏறத்தாழ 325 சதுர அடி. நோக்கத்தில் குறையில்லை. உலகெங்குமிருந்து பணம் வந்தது, ஆள் வந்தது. பல ஊர்களில் ஒப்பந்தக்காரர்கள் மனையைச் சமப்படுத்த நிழல்மரங்களை வெட்டி எறிந்துவிட்டு, வரிசையாகக் காங்கிரீட் பெட்டிகளை நிறுத்திவிட்டுப் போனார்கள். பின்னால் அங்கே போன ஆய்வாளர்கள் இதை விரிவாகவே எழுதியிருக்கிறார்கள். மீனவர் குடும்பம் பகலில் எங்கே வாழ்கிறது? மரத்தடியில், திண்ணையில். வலை பின்னுவது அங்கே, மீன் காயவைப்பது அங்கே, ஊர்ப் பேச்சு நடப்பதும் அங்கே. அந்த நிழல் வரைபடத்தில் இல்லை. ஆகவே கட்டிய ஊரிலும் இல்லை. வரைபடம் போட்டவருக்கு அந்தத் திண்ணையில் ஒரு பகல் உட்கார நேரமிருந்திருந்தால் அந்த மரங்கள் பிழைத்திருக்கும்.

இதற்கு நேர்மாறான ஒரு சான்று நம் நாட்டிலேயே உண்டு. 2001 ஜனவரி 26, குடியரசு நாள் காலையில், கட்ச் நிலநடுக்கம். குஜராத்தில் பெரும்பகுதி வீடுகளை வீட்டுக்காரர்களே கட்டினார்கள், சுமார் இரண்டு லட்சம் வீடுகள். பணம் மூன்று தவணையாக வந்தது. ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் பொறியாளர் வந்து பார்த்துக் கையெழுத்திட்டால்தான் அடுத்த தவணை. ஆயிரக்கணக்கான கொத்தனார்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. அந்த வீடுகளுக்குத் தொண்டு நிறுவனங்கள் செங்கல் சுமக்கவில்லை. கூட வந்து ஆலோசனை சொல்லின, பயிற்சி தந்தன, தவணை வராதபோது அலுவலகத்தில் போய் நின்றன. தன் வீட்டைத் தானே கட்டும் மனிதன் சிமெண்டில் மண்ணைக் கலக்க விடுவானா? அவனைவிடக் கண்டிப்பான மேற்பார்வையாளர் உலகத்தில் உண்டா?

கடல் கடந்தும் பாருங்கள். 2005 ஆகஸ்டில் கத்ரீனா சூறாவளி அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். புகழ்பெற்ற நடிகர் பிராட் பிட் 2007இல் ஓர் அறக்கட்டளை தொடங்கி, உலகின் முன்னணிக் கட்டடக் கலைஞர்களை அழைத்து, ஏழைக் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியில் 109 வீடுகள் கட்டினார். பணத்துக்குக் குறைவில்லை, அக்கறைக்கும் குறைவில்லை. ஆனால் மழையும் ஈரமும் மிகுந்த அந்த ஊரில் சில வீடுகளுக்குத் தட்டைக் கூரை; பயன்படுத்திய மரத்தில் ஒரு பகுதி புதுவகைப் பதப்படுத்தல் செய்தது. சில ஆண்டுகளில் படிகள் உளுத்தன, சுவர்களில் பூஞ்சை படர்ந்தது. 2018இல் அந்த வீடுகளில் குடியிருந்தவர்களே வழக்குத் தொடுத்தார்கள். அந்த ஊர்த் தச்சர் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால், இங்கே கூரைக்கு நல்ல சரிவும் நீண்ட தாழ்வாரமும் வேண்டும் என்று சொல்லியிருப்பார். அதே நகரில் எளிய மனிதர்கள் தொடங்கிய அமைப்புகள், சிலரைப் பல மாதம் தங்கவைத்துத் தொழில் பழக்கி, வாரத்துக்கு வாரம் மாறிமாறி வரும் தொண்டர்களை அவர்களுக்குக் கீழே வேலை செய்யவைத்து, வீட்டுக்காரரின் பழைய வீட்டையே செப்பனிட்டுத் தந்தன. வந்தவர்கள் நிலைக்கவில்லை, தங்கியவர்கள் நிலைத்தார்கள். வேலையும் நிலைத்தது.

நண்பர்களே, இப்போது கூரைக்கு வருவோம். புயலில் வீடு எப்படிப் போகிறது? காற்று சுவரில் மோதித் தள்ளுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். பெரும்பாலும் முதலில் போவது கூரை, அதுவும் மேல்நோக்கி. கூரையின் மேல் விரையும் காற்று அதை உறிஞ்சித் தூக்குகிறது. காற்றடிக்கும் பக்கம் கதவு திறந்துகொண்டால் உள்ளே புகுந்த காற்றும் சேர்ந்து அடியிலிருந்து தள்ளுகிறது. 120 கிலோமீட்டர் வேகக் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 68 கிலோ. கூரையின் ஓரங்களில் இன்னும் அதிகம். தகர ஷீட்டின் எடையோ அதே ஒரு சதுர மீட்டருக்கு ஐந்து கிலோ அளவு. கல்நார் ஷீட் என்றால் பதினைந்துக்குச் சற்று மேல். மேலே நாலு கருங்கல்லையும் ஒரு பழைய டயரையும் வைத்தால் நிற்குமா? வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. ஆகவே கூரையைப் பிடித்துவைப்பது எடையல்ல, கட்டு. ஷீட்டைக் குறுக்குச் சட்டத்தோடு கொக்கிப் போல்ட், குறுக்குச் சட்டத்தைக் கைமரத்தோடு கம்பி, கைமரத்தைச் சுவரின் மேலோடும் காங்கிரீட் பெல்ட்டோடு இரும்புப் பட்டை, பெல்ட்டைத் தூணோடும் அஸ்திவாரத்தோடும் கம்பி. உச்சியிலிருந்து மண்வரை ஓர் இடத்தில்கூட அறுபடாத கட்டு. இதற்கு ஆகும் கூடுதல் செலவு வீட்டின் விலையில் மிகச் சிறிது. தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே. 2013இல் பிலிப்பைன்ஸைச் சூறையாடிய ஹையான் புயலுக்குப் பின் அங்கே செயல்பட்ட அமைப்புகள் எல்லாம் சேர்ந்து, இந்தக் கட்டுமான அறிவை எட்டே எட்டுக் குறிப்புகளாகப் படம் வரைந்து ஊர் ஊராகத் தச்சர்களிடம் கொண்டுபோயின. விழுந்த தென்னைகளையே அறுத்துச் சட்டமாக்கிப் பல வீடுகள் எழுந்தன. பேராவூரணியில் விழுந்த தென்னைகளில் முற்றிய மரங்கள் எத்தனை, அவற்றில் எத்தனை அடுப்புக்கும் செங்கல் சூளைக்கும் போயின என்று எண்ணும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

'எதற்கு இந்தக் கைமரமும் கம்பியும்? எல்லாருக்கும் காங்கிரீட் தளம் போட்டுக்கொடுத்தால் தீர்ந்தது' என்பார்கள். வலுவான வாதம். 'தானே' என்ற புயலுக்குப் பிறகு கடலூர், விழுப்புரம் மாவட்டங்களுக்கு ஒரு லட்சம் காங்கிரீட் வீடுகளை அரசு அறிவித்ததும் இந்த எண்ணத்தில்தான். நல்ல காங்கிரீட் தளம் காற்றில் பறக்காது, உண்மை. ஆனால் தமிழ்நாட்டுக் கடற்கரையின் பழைய தொகுப்பு வீடுகளுக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். துருப்பிடித்த கம்பி தெரிகிறது. தளம் பொறுக்குப் பொறுக்காகப் பெயர்ந்து விழுகிறது. சில வீடுகளில் மக்கள் உள்ளே படுக்க அஞ்சி வாசலில் கீற்றுப் பந்தல் போட்டுப் படுக்கிறார்கள். காரணம் என்ன? உப்புக்காற்று, உவர்நீர், போதாத கம்பி மூடல். தளத்துக்குக் கம்பி கட்டும்போது அடியில் சிறுசிறு சிமெண்டுக் கட்டைகள் வைப்பார்கள், கவர் பிளாக் என்பது அதன் பெயர். தீப்பெட்டியைவிடப் பெரிதில்லை. அது இருந்தால் கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே போதிய கனத்துக்குக் காங்கிரீட் நிற்கும். அவசரத்தில் அதை வைக்காமல் கொட்டிவிட்டால் கம்பி தளத்தின் அடியோடு ஒட்டிக்கிடக்கும். உப்பு அதைத் தேடி வந்துவிடும். கொட்டிய பிறகு குறைந்தது ஒரு வாரமாவது நல்ல தண்ணீர் தேக்கிவைக்க வேண்டும். வேதாரண்யம் போன்ற உப்பளப் பூமியில் புயலுக்குப் பின் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? இப்போது சொல்லுங்கள், அங்கே போகும் தொண்டருக்கு எது வேலை? மணல் அள்ளுவதா? தளம் கொட்டும் நாளன்று குனிந்து அந்தக் கட்டைகள் இருக்கின்றனவா என்று வீட்டுக்கார அம்மாவோடு சேர்ந்து பார்ப்பதும், ஒரு வாரத்துக்குத் தண்ணீர் லாரிக்கு ஏற்பாடு செய்வதும் பெரிய தொண்டு இல்லையா?

அடுத்து இன்னொரு கேள்வி. 'தில்லியிலிருந்து 2,500 கிலோமீட்டர் ரயிலேறிப் போகும் செலவை அங்கே அனுப்பினால் கொத்தனாருக்குக் கூலியாகுமே?' முற்றிலும் சரி. ஒரு வாரம் தங்கிச் செங்கல் சுமந்துவிட்டு வர எண்ணுபவர் தயவுசெய்து அந்தப் பணத்தை அனுப்பிவிடுங்கள். தோப்பு வேலை போய், வயல் வேலை போய்க் கூலிக்குக் காத்திருக்கும் ஊரில் நாம் இலவசமாகச் சித்தாள் வேலை செய்தால், ஒரு பெண்ணின் அன்றைய கூலியை நாமே பிடுங்கியவர்கள் ஆவோம். உடல் உழைப்பு அந்த ஊரில் இருக்கிறது. அங்கே இல்லாதது வேறு. பல வீட்டுத் திட்டங்களில் ஒரு கட்டம் முடிந்த பிறகே அதற்கான தவணை வருகிறது. அஸ்திவாரம் போடப் பணம் இருப்பவன்தானே அஸ்திவாரத்துக்கான தவணையை வாங்கமுடியும்? இல்லாதவன் வட்டிக்கு வாங்குகிறான், அல்லது சுவர் இடுப்பளவில் நின்றுவிடுகிறது. அந்த இடைவெளிக்கு வட்டியில்லாமல் முன்பணம் தந்து, தவணை வந்ததும் திரும்ப வாங்கி அடுத்த வீட்டுக்குத் தரும் ஒரு சுழல்நிதியை இந்த அவையில் இருப்பவர்களே தொடங்க முடியும்.

'இதெல்லாம் அரசின் கடமை. தொண்டர் போனால் அரசு தப்பித்துக்கொள்ளும்' என்பது எல்லாவற்றிலும் கனமான மறுப்பு. அரசின் கடமைதான். அந்தக் கடமை எங்கே எழுதப்படுகிறது? இதே தில்லியில். கஜா அடித்த ஆண்டில் நடப்பிலிருந்த மத்திய பேரிடர் நிவாரண விதிமுறைப்படி, சமவெளியில் முழுதும் அழிந்த வீட்டுக்கு 95,100 ரூபாய். மண்சுவர் வீடானாலும் அதே தொகைதான். ஆனால் அது குடிசை என்று பதிவானால் 4,100 ரூபாய். தமிழக அரசு தன் பங்கைச் சேர்த்து முழுதும் சேதமான குடிசைக்குப் பத்தாயிரம் தந்தது. பின்னர் வந்த திருத்தத்தில் வீட்டுக்கு 1,20,000, குடிசைக்கு 8,000 என்று உயர்ந்தது. நண்பர்களே, பருவத்துக்குப் பருவம் ஓலை மாற்றி, மூன்று தலைமுறை ஒரே மனையில் வாழ்ந்த குடும்பத்தின் வீடு ஏன் எட்டாயிரம் ரூபாய்ப் பொருள்? எந்த வரியில் எந்த வகையில் பதிவாகிறது என்பதில் ஒரு குடும்பத்தின் பத்தாண்டு வாழ்வு தொங்குகிறது. அந்த விதியை எழுதும் உள்துறை அமைச்சகம் இந்த ஊரில். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் சப்தர்ஜங் என்கிளேவில். அங்கே கோப்பு எழுதி ஓய்வுபெற்ற தமிழர்கள் இந்த அவையிலேயே இருக்கக்கூடும். தொண்டர் அரசைத் தப்பவிடுவது அரசின் வேலையைச் சத்தமில்லாமல் தான் செய்துவிட்டு வரும்போதுதான். விதியைப் படித்து, ஊரில் அதை விளக்கி, கிராம நிர்வாக அலுவலரின் கணக்கெடுப்பின்போது புகைப்படத்தோடும் ரேஷன் அட்டையோடும் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றால் அரசு எப்படித் தப்பிக்கும்?

மனையின் கதையைச் சொல்லாமல் வீட்டின் கதை முடியாது. டெல்டாவின் விவசாயத் தொழிலாளர்களில் பலர் கோயில் மனையிலும் புறம்போக்கிலும் குடியிருப்பவர்கள். குடியிருப்பு மனைகளை அங்கே வாழ்ந்தவர்களுக்கே உரிமையாக்க 1971இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. ஆனாலும் பட்டா கைக்கு வராத குடும்பங்கள் இன்றும் உண்டு. பட்டா இல்லையென்றால் வீட்டுத் திட்டத்தில் பெயர் சேராது. பெயர் சேராவிட்டால் எந்தத் தொண்டரின் செங்கல்லும் ஒருநாள் புல்டோசருக்குத்தான். தில்லித் தமிழருக்கு இதை நான் விளக்கவேண்டுமா? 2025 ஜூன் முதல் நாள், ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலோரம் இருந்த மதராசி கேம்பில் சுமார் 370 வீடுகள் இடிக்கப்பட்டன. அங்கே புயல் அடிக்கவில்லை. நாகை, திருவாரூர்ப் பகுதியில் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவரும் 1981இல் தொடங்கிய லாஃப்டி இயக்கம் இதனால்தான் எனக்கு வழிகாட்டியாகத் தெரிகிறது. முதலில் நிலத்தை நிலமற்ற தலித் பெண்கள் பெயருக்கு மாற்றினார்கள். பிறகுதான் மண்குடிசைக்குப் பதில் செங்கல் வீடு. அந்தச் செங்கல்லையும் குடியிருக்கப் போகிறவர்களே அறுத்தார்கள். சுனாமி நிவாரணத்தில் சாதி பார்த்து ஒதுக்கப்பட்ட சேரிகள் உண்டென்று பதிவாகியிருக்கிறது. வெளியிலிருந்து போகிறவர் ஊர்த்தலைவர் கொடுக்கும் பட்டியலோடு நின்றுவிட்டால், கடைசித் தெருவின் கடைசி வீடு அந்தப் பட்டியலில் இருக்காது. அந்தத் தெருவரை நடந்துபோய்ப் பார்க்கும் கால்கள் வேண்டும்.

அப்படியானால் நாம் செய்யவேண்டியது என்ன? அடுத்த புயலுக்காகக் காத்திருக்க வேண்டாம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன்னால் கோடை முழுவதும் நமக்கு இருக்கிறது. மத்தியப் பொதுப்பணித்துறையில் கட்டடம் பார்த்து ஓய்வுபெற்ற பொறியாளர்கள், வழக்கறிஞர்கள், கணக்கர்கள், கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகள் என்று ஒரு பெயர்ப் பட்டியல் இன்றே எழுதத் தொடங்கலாம். பெயருக்கு எதிரே ஒரே ஒரு கேள்வி: புயலடித்து நான்காவது மாதத்தில் நீங்கள் எத்தனை நாள் வரமுடியும்? முதல் வாரத்துக்கு ஆள் சேர்க்கவே வேண்டாம், அது தானாகச் சேரும். இந்தச் சித்திரையில் நாலைந்து பேராவது வேதாரண்யம் பக்கம் போய், அங்குள்ள கொத்தனார்களோடும் தச்சர்களோடும் உட்கார்ந்து, இருக்கிற வீடுகளின் கூரையைச் சுவரோடு கட்ட ஒரு வீட்டுக்கு எத்தனை பட்டை, எத்தனை போல்ட், எத்தனை நாள் கூலி என்று கணக்கெடுத்து வரட்டும். அந்தக் கணக்கை இதே மேடையில் வாசிப்போம். சுழல்நிதிக்கு எவ்வளவு வேண்டும் என்பது அன்று தெரிந்துவிடும். பெயர் தர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் முன்வரிசைக்கு வாருங்கள்.